ஒரு கார்க் வளையம் தேடிய கதை: உதிரிபாகம் கிடைக்காத காலத்துச் சென்னை

நம் குடியிருப்பில் இரண்டு மாதங்களுக்கு முன்பு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஏ பிளாக் ஸ்டில்ட் பார்க்கிங்கில் காலை நேரத்தில் பெட்ரோல் வாடை அடித்தது. பள்ளி வேனுக்காகக் குழந்தைகள் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் அது. செக்யூரிட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே போய், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உறை போட்டு நிற்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைக் காட்டினார். அடியில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

அந்த வார சங்கக் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. "ஓடாத வண்டியை எதற்கு வைத்திருக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். "மேலே நாற்பது குடும்பம் தூங்குகிறது, இது விளையாட்டு இல்லை" என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான பேச்சுதான். கார் வைத்திருப்பவர் எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா வாங்கிய கார் அது. "பதினைந்து நாள் கொடுங்கள். சரிசெய்ய முடியவில்லை என்றால் நானே வெளியே எடுத்துவிடுகிறேன்" என்றார். சங்கம் ஒப்புக்கொண்டது. அன்றே பெட்ரோல் டேங்கைக் காலி செய்து, பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டது.

பழுது என்னவென்று பார்த்தால் சிரிப்பு வரும். இஞ்சின் பக்கத்தில் உள்ள பெட்ரோல் பம்ப்பில் சிறிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. பெட்ரோலில் வரும் தூசும் தண்ணீரும் அதில் தங்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் வளையல் மாதிரி ஒரு கார்க் வளையம். வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கி, வெடித்திருந்தது. அவ்வளவுதான். பத்து ரூபாய் பொருள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. புதுப்பேட்டையில் இல்லை. இங்கிலாந்தில் ஆர்டர் செய்தால் கிடைக்கும். வந்து சேர மூன்று நான்கு வாரம் ஆகும், கூரியர் செலவு பொருளின் விலையைப்போலப் பல மடங்கு. நமக்கோ பதினைந்து நாள் கெடு.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது என்பார்களே, அந்த நிலை. அவரோடு அலைந்த சில நாட்களில் ஒன்று புரிந்தது. இந்த அலைச்சல் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஒரு காலத்தில் சென்னையில் கார் வைத்திருந்த எல்லோரும் இப்படித்தான் அலைந்திருக்கிறார்கள். நம்மில் பலருடைய அப்பா, தாத்தா காலத்துக் கதை அது.

வண்டலூரில் பிறந்த கார்

ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் பக்கம் போகும் இளைஞர்களுக்கு மிருகக்காட்சி சாலை தெரியும். அங்கே ஒரு கார் தொழிற்சாலை இருந்தது தெரியாது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1948-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியும் சென்னை முதலீட்டாளர்களும் கூட்டு. முதலில் வான்கார்டு என்ற பெரிய காரின் பாகங்களைக் கப்பலில் வரவழைத்து இங்கே பூட்டினார்கள். பிறகு சிறிய கார்கள் வந்தன.

1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்ட் வெளிவந்தது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம். 948 சிசி இஞ்சின். பானெட்டை மட்டும் தூக்குவதில்லை. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து காரின் முன்பக்கமே முழுதாக முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 1961-ல் அதே கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் சென்னையிலிருந்து வந்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்ட் என்று மூன்று ஊருக்கு மூன்று கார்.

1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டும், 1970களின் தொடக்கத்தில் கெஸல் என்ற மாடலும் வந்தன. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்தது, அது விலைபோகவில்லை. 1980களின் இறுதியோடு உற்பத்தி நின்றது. தொழிற்சாலை நின்றால் சில வருடங்களில் உதிரிபாகமும் நின்றுவிடும். நம் ஏ பிளாக் காரின் சங்கடம் அதுதான்.

ஆனால் தொழிற்சாலை முழு வேகத்தில் ஓடிய நாளிலும் உதிரிபாகம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. காரணம் தெரிய இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போர்க்காலம் கற்றுத்தந்தது

சுதந்திரத்துக்கு முன்பு கார் என்றால் இறக்குமதிதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் அசெம்ப்ளி ஆலை வைத்தது. ஃபோர்டும் 1920களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. பாகங்கள் கப்பலில் வந்தன. வண்டியும் உதிரிபாகமும் ஒரே கப்பலில் வந்ததால் பெரிய கவலை இல்லை.

இரண்டாம் உலகப்போர் அந்த வழியை அடைத்தது. 1942 தொடக்கத்தில் மலேயா ஜப்பான் வசம் போனதும் உலகத்தின் ரப்பர் வரத்தில் பெரும்பகுதி நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் கார் ஆலைகள் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பை நிறுத்திவிட்டுப் போர்த் தளவாடங்களுக்கு மாறின. இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்களின் பின்புறம் ஆளுயர உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, கிளம்பும் வாயுவில் வண்டி ஓட்டினார்கள். கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதுதான் இஞ்சினுக்கு எரிபொருள். இழுவை குறைவு, மேடு ஏறத் திணறும், புறப்படுவதற்கு முன்னால் அடுப்பு மூட்டிக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் வண்டி நகர்ந்தது. மதுரையில் பஸ் நடத்திய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் டிவிஎஸ் நிறுவனம் அந்தக் கரிவாயு சாதனத்தைத் தானே தயாரித்தது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் ரீட்ரெடிங் வேலையிலும் இறங்கியது.

'வராத பொருளை இங்கேயே செய்துகொள்' என்ற பழக்கம் பட்டறைகளுக்கு அப்போது படிந்துவிட்டது. போர் முடிந்தும் அது தேவைப்பட்டது.

லைசென்ஸ் இல்லாமல் ஒரு வாஷரும் வராது

1947-ல் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எந்தப் பொருள் வரலாம், யார் கொண்டுவரலாம், எவ்வளவு என்பதை அரசு தீர்மானிக்கும். 1950களின் தொடக்கத்தில், இங்கே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இடமில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954 வாக்கில் கடையைக் கட்டின. அவர்கள் விற்ற ஷெவர்லே, ஃபோர்டு கார்கள் இங்கேயே நின்றன. உதிரிபாகம் தர ஆள் இல்லை.

1956, 1957-ல் அந்நியச் செலாவணி கரைந்தபோது கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பொருளின் விலையும் ஒரே நாளில் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய பாகத்தைவிடச் சின்ன பாகம்தான் கிடைப்பது கடினம். பிஸ்டனுக்கு வாங்குவோர் ஆயிரம் பேர் இருப்பார்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் வியாபாரி அதைத்தான் வரவழைப்பார். பத்து வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் கேட்கும் கார்க் வளையத்துக்குத் தன் லைசென்ஸ் தொகையை அவர் வீணாக்க மாட்டார். தனி ஆளாக நாம் எழுதிப்போட்டு வரவழைக்கவும் முடியாது. அதனால் லட்சணமான கார் ஒன்று அரையணா சாமான் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும்.

வெட்டு, கடை, பொருத்து

அன்றைய மெக்கானிக்குகள் இதைச் சமாளித்த விதத்தை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வெட்டி எடுப்பது. கேஸ்கெட் இல்லையென்றால் கேஸ்கெட் தாளை இரும்புப் பாகத்தின் முகத்தின் மேலேயே வைப்பார்கள். சுத்தியலின் உருண்டை முனையால் ஓரத்தில் லேசாகத் தட்டிக்கொண்டே போனால், இரும்பின் விளிம்பே தாளை வெட்டிவிடும். போல்ட் ஓட்டைகளின் மேல் பேரிங் குண்டை வைத்து ஒரு தட்டு. அளவு எடுக்கும் வேலையே இல்லை, பாகமே அச்சு. தேய்ந்த டயரின் பக்கவாட்டிலிருந்து ரப்பர் புஷ் வெட்டுவதும் இதே வகை.

இரண்டாவது, கடைந்து எடுப்பது. லேத் பட்டறைக்குப் பழைய புஷ்ஷைக் கொண்டுபோனால், கடைசல்காரர் வெர்னியரில் அளந்து, பித்தளையிலோ கன்மெட்டலிலோ புதிதாகக் கடைந்து தருவார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தேய்ந்த பாகத்தை அளந்தால் தேய்ந்த அளவுதான் வரும். நல்ல கடைசல்காரர் அதில் தேயாத ஓரத்தைத் தேடி அளப்பார். பாகம் போய் உட்காரும் இடத்தையும் அளப்பார். இரண்டுக்கும் நடுவில்தான் சரியான அளவு இருக்கும்.

மூன்றாவது, வேறு வண்டியின் பாகத்தைப் பொருத்துவது. இதில்தான் அனுபவம் தெரியும். ஹெரால்ட் பிரிட்டிஷ் கார். அதன் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. ஃபியட் இத்தாலியக் கார், மில்லிமீட்டர் கணக்கு. ஹெரால்டின் 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர். ஃபியட்டின் 8 மில்லிமீட்டர் நட்டை அதில் போட்டால் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும். அங்கேதான் ஏமாறுவோம். ஒன்றின் மரை ஓர் அங்குலத்துக்கு 24. அதாவது ஒரு சுற்றுக்கு 1.06 மில்லிமீட்டர். மற்றதற்கு வழக்கமாக 1.25. ஸ்பேனரைப் போட்டு இறுக்கினால் மரை அழிந்துவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கைக்கு வேறாகத் தெரியும். 'ஏறாத நட்டை ஏற்றாதே' என்று பையன்களுக்கு முதல் பாடமாகச் சொல்வது இதற்காகத்தான்.

கருவிக்கும் இதே கதைதான். ஸ்பார்க் பிளக் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு இருக்க வேண்டும். அளக்க கேஜ் இல்லையா? ஹேக்ஸா பிளேடின் தகடு ஏறத்தாழ அதே தடிமன். ஒடிந்த பிளேடு துண்டை எந்த மெக்கானிக்கும் எறிய மாட்டார். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி பம்ப் அடைத்துக்கொண்டால் அதன் மேல் ஈரத்துணி. டேங்க்கில் பொட்டு ஓட்டை விழுந்தால், பட்டறை போய்ச் சேரும் வரை துணி சோப்பைக் குழைத்து அடைப்பது.

ஒட்டுவேலைக்குப் பக்கத்தில் எழுந்த ஆலைகள்

இதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. உதிரிபாகத்தை இங்கேயே முறையாகச் செய்யும் ஆலைகள் சென்னையைச் சுற்றி ஒவ்வொன்றாக எழுந்தன. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல், வீல்ஸ் இந்தியா 1960-ல், லூகாஸ்-டிவிஎஸ் 1961-ல், பிரேக்ஸ் இந்தியா 1962-ல். 1958-ல் கிண்டி தொழிற்பேட்டையும், 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபோது, நட்டு, ஸ்பிரிங், ரப்பர் வளையம் என்று ஒன்றிரண்டு பொருள் மட்டும் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இடமும் கரண்டும் கிடைத்தன.

இறக்குமதிக் கதவை மூடியதால் இந்தத் தொழில்கள் வளர்ந்தன என்று ஒரு தரப்பு சொல்லும். கதவை மூடியதால் வாங்குபவர் பட்ட பாடும், போட்டியில்லாமல் தரம் தேங்கியதும் கொஞ்சமா என்று மறு தரப்பு கேட்கும். ஹெரால்ட் வைத்திருந்த வீடுகளில் கேட்டால் இரண்டும் உண்மை என்பார்கள். இன்று சென்னையைக் கார் நகரம் என்கிறோம். 1990களில் வெளிநாட்டு கம்பெனிகள் இங்கே ஆலை வைக்க வந்தபோது, பிஸ்டனும் பிரேக்கும் சக்கரமும் செய்யத் தெரிந்த ஊராக இது ஏற்கெனவே இருந்தது.

எதில் கைவைக்கக் கூடாது

பழைய மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்தைப் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. தட்டுப்பாட்டு கால ஒட்டுவேலை ஆட்களைக் காயப்படுத்தவும் செய்யும்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் கீழ்முனை, ட்ரன்னியன் என்ற வெண்கலப் பாகத்தில் மரையில் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் திரும்பும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். எல்லா இடத்துக்கும் கிரீஸ் அடித்துப் பழகியவர்கள் அதற்கும் கிரீஸ் அடித்தார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போய்ச் சேராது; தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும், ஒருநாள் கம்பி முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பிரேக்கும் அப்படித்தான். பிரேக் ஆயில் இல்லையென்று இஞ்சின் ஆயிலை ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிப் பிரேக் பிடித்துக்கொள்ளும், அல்லது பிடிக்காமலே போகும்.

அதனால் தேர்ந்த மெக்கானிக்குகள் தங்களுக்குள் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். நின்றுபோனால் வண்டி மட்டும் நிற்கும் பாகம் என்றால் கைவேலை செய்யலாம். உடைந்தால் ஆள் போகும் பாகம் என்றால் சரியான சாமான் வரும்வரை வண்டி நிற்கட்டும். ஸ்டியரிங், பிரேக், சக்கரம் மூன்றும் இரண்டாவது வகை.

பெட்ரோல் கசியும் கார்க் வளையம் எந்த வகை? இந்தக் கேள்வியைத்தான் அந்தப் பெரியவரிடம் கேட்டேன். "ரோட்டில் கசிந்தால் முதல் வகை சார். நாற்பது வீட்டுக்கு அடியில் கசிந்தால் இரண்டாவது வகை. அதனால் இங்கே வைத்துச் சோதிக்கப் போவதில்லை" என்றார். கூட்டத்தில் கோபப்பட்டவர்களுக்கும் அந்தப் பதில் பிடித்தது.

பன்னிரண்டாம் நாள்

முதல் வளையம் தோற்றது. நோட்டீஸ் போர்டுக்கு ஒட்டும் கார்க் ஷீட்டில் வெட்டினோம். அது தூளைப் பசை போட்டு ஒட்டியது. ஒரு டம்ளர் பெட்ரோலில் ஓர் இரவு ஊறியதும் உதிர்ந்துவிட்டது. நல்ல வேளை, வண்டியில் போடுவதற்கு முன்னால் டம்ளரில் போட்டுப் பார்த்தோம்.

சி பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற மின்வாரிய இஞ்சினியர் இதைக் கேள்விப்பட்டார். "டிரான்ஸ்ஃபார்மர் மூடிக்கு நாங்கள் போடுவது ரப்பர் கலந்த கார்க். எண்ணெயில் வருடக்கணக்கில் கிடக்கும்" என்றார். கேஸ்கெட் கடையில் அந்த ஷீட்டைக் கேட்டால் துண்டாகவே தருகிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. நைட்ரைல் ரப்பர் கலந்ததாகக் கேட்டு வாங்கினோம். கண்ணாடிக் கிண்ணத்தையே கவிழ்த்து வெளிவட்டம் வரைந்தோம். உள்வட்டத்துக்குப் பழைய வளையத்தின் துண்டுகளை ஒட்டவைத்து அளவு எடுத்தோம். புது பிளேடில் ஒரே இழுப்பில் வெட்ட மூன்று முயற்சி ஆனது. அதையும் ஓர் இரவு பெட்ரோலில் ஊறவைத்தோம். உப்பவும் இல்லை, உதிரவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காரைத் தள்ளிக்கொண்டுபோய் மெயின் கேட்டுக்கு வெளியே, திறந்த இடத்தில் நிறுத்தினோம். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரும் மணல் வாளியும். வளையத்தைப் போட்டு, பம்ப்பின் பக்கத்தில் உள்ள கைநெம்பை அழுத்த அழுத்த, கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறியது. கீழே வெள்ளை அட்டை விரித்து வைத்திருந்தோம். ஒரு பகலும் ஓர் இரவும் கார் வெளியிலேயே நின்றது. மறுநாள் அட்டையில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்தார். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதனால் ரப்பர் ஹோஸை எத்தனால் தாங்கும் புது வகைக்கு மாற்றிவிட்டார். பம்ப்பின் உள்ளே இருக்கும் டயஃப்ரத்துக்கு இங்கிலாந்தில் ஆர்டர் கொடுத்திருக்கிறார். அதில் கைவேலை வேண்டாம் என்பது அவர் முடிவு. அது வரும்வரை நிறுத்தும்போதெல்லாம் டேங்க் காலியாக இருக்கும். மாதம் ஒருமுறை செக்யூரிட்டி பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். அட்டை அதே இடத்தில் விரித்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம்.

சங்கத்துக்கு என் சார்பில் ஒரு வேண்டுகோள் உண்டு. ஓடாத வண்டிகளை அகற்றும் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருகிறது. கசியும் வண்டிக்கும் வெறுமனே பழைய வண்டிக்கும் வித்தியாசம் வைத்து எழுதுங்கள். கசிவு சோதனை எல்லா வண்டிக்கும் இருக்கட்டும், என் வண்டிக்கும்தான்.

வீட்டில் மிக்ஸி, தையல் மெஷின், பழைய ஸ்கூட்டர் எதுவானாலும் சரி, ஒரு சின்ன பாகம் உடைந்தால் துண்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எங்கள் வளையத்தின் உள்வட்ட அளவு, அந்த வெடித்த துண்டுகளில்தான் மிச்சமிருந்தது.